கொக்கோ பட்டருக்குக் கலர் சேர்க்கறது எப்படி? முதல் தடவை சாக்லேட் அலங்காரம் பண்றவங்களுக்கு

போன வாரம் மேல் மாடியில இருக்கற பொண்ணு ஒரு சின்னக் கண்ணாடி கிண்ணத்த எடுத்துக்கிட்டு வந்து கதவைத் தட்டுச்சு. உள்ள உருக்கின கொக்கோ பட்டர். அடியில நீலமா முத்து முத்தா என்னமோ உருண்டு கெடக்கு, மேல பாத்தா எப்பவும் போல வெளிர் மஞ்சள்தான். "அக்கா, பத்து நிமிஷமா கலக்கறேன், சேரவே மாட்டேங்குது. கலர் பழசா?"ன்னு கேட்டுச்சு. பழசெல்லாம் இல்ல, கேக் ஐசிங்குக்குன்னு வாங்கின ஜெல் கலர், புது பாட்டில்தான். அது தண்ணியில கரையற கலர், கிண்ணத்துல இருக்கறது சுத்தமான கொழுப்பு. பத்து நிமிஷம் இல்ல, பத்து மணி நேரம் கலக்கினாலும் ரெண்டும் ஒட்டாது. உக்கார வெச்சு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன், அது போனதுக்கு அப்புறம் இதை எழுதி வெச்சா இன்னும் நாலு பேருக்கு ஆகுமேன்னு தோணுச்சு, ஏன்னா தீபாவளி நெருங்க நெருங்க கோலாலம்பூர்ல செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வீட்டுல சாக்லேட் செஞ்சு விக்கற நம்ம ஆளுங்க நெறைய பேரு இதே எடத்துலதான் மாட்டிக்கறாங்க.

கலர் போட்ட கொக்கோ பட்டரை அச்சுல தடவி, அது மேல சாக்லேட் ஊத்தி எடுத்தா அந்தக் கலர் சாக்லேட் மேல வந்துடும், அதுக்குத்தான் இந்த வேலையெல்லாம். மொதல்ல கொக்கோ பட்டர்னா என்னான்னு பாத்துடுவோம். பட்டர்னு பேரு இருக்கே தவிர பால் ஒரு சொட்டு கூட கெடையாது. கொக்கோ கொட்டையோட பருப்புல பாதிக்கு மேல கொழுப்பு, அதை அரைச்சு அழுத்திப் பிழிஞ்சு எடுத்தா வர்றதுதான் இது. ரூம்ல வெச்சா கல்லு மாதிரி கெட்டியா இருக்கும், வாயில போட்டா கரைஞ்சு போயிடும், சாக்லேட் சாக்லேட்டா இருக்கறதே இதனாலதான். நம்ம நாட்டுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல, ஒரு காலத்துல எஸ்டேட்டுல ரப்பர், பாமாயில் எடுக்கற செம்பனையோட கொக்கோவும் நெறைய போட்டிருந்தாங்க, மலேசிய கொக்கோ வாரியம்னு ஒண்ணு 1989ல வந்துச்சு, இப்ப தோட்டம் கொறைஞ்சு போனாலும் வெளிநாட்டுல இருந்து கொட்டைய வாங்கி அரைக்கற பெரிய ஃபேக்டரிங்க இங்க இன்னும் இருக்கு. ஆனா வெல மலிவுன்னு நெனைக்காதீங்க, 2024ல உலகச் சந்தையில கொக்கோ ஒரு டன் பத்தாயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டிப் போச்சு. அதனால நூறு கிராம் வீணாப் போனாலும் மனசு வலிக்கும், கத்துக்கிட்டு எறங்கறது நல்லது.

சரி, கலர் விஷயத்துக்கு வருவோம். இது நம்ம சமையக்கட்டுலயே இருக்கற பாடம்தான். மீன் கறி கொதிச்சு எறக்கி வெச்சா மேல செவப்பா எண்ணெய் மிதக்குதுல்ல, அந்தச் செவப்பு மொளகாய்ல இருந்து எண்ணெய்க்குள்ள எறங்கின கலர். தாளிக்கற எண்ணெய்ல மஞ்சத்தூள் விழுந்தா எண்ணெயே மஞ்சளாகும். ஆனா பீட்ரூட் பொரியல் செய்யும்போது பாருங்க, செவப்பெல்லாம் தண்ணியிலதான் நிக்கும், எண்ணெய் பக்கம் போகவே போகாது. கலர்ல ரெண்டு சாதி, ஒண்ணு எண்ணெய்க்குச் சொந்தம், ஒண்ணு தண்ணிக்குச் சொந்தம். கடையில இருக்கற சாதாரண திரவக் கலர், ஜெல் கலர், பண்டான் பேஸ்ட் எல்லாம் தண்ணிச் சாதி. அதை கொக்கோ பட்டர்ல ஊத்துனா அந்தப் பொண்ணு கிண்ணத்துல ஆன மாதிரி அடியில போய் உக்காந்துக்கும். வெள்ளை சாக்லேட்டுல ஊத்துனா இன்னும் மோசம், அதுல இருக்கற சீனி அந்தத் தண்ணிய இழுத்துக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, சாக்லேட்டே பிசைஞ்ச மாவு மாதிரி இறுகிப் போயிடும்.

அப்ப எந்தக் கலர்? கடையில 'எண்ணெய்ல கரையற கலர்'னோ 'சாக்லேட் கலர்'னோ தெளிவா போட்டிருக்கணும். பவுடரா வர்றதுல பெரும்பாலும் லேக்னு ஒரு வகை இருக்கும், தண்ணியில கரையற சாயத்தையே அலுமினியம் ஹைட்ராக்சைடுங்கற பொடி மேல ஏத்திப் பிடிக்க வெச்சிருப்பாங்க. இது கரையாது, ஆனா கொழுப்புக்குள்ள நுணுக்கமா பரவி நிக்கும். கரையறது வேற, பரவறது வேற, இந்த வித்தியாசத்த மனசுல வெச்சுக்குங்க, ஏன்னா பரவி நிக்கற பொடி கொஞ்ச நேரத்துல அடியில படியும், ஒவ்வொரு தடவையும் எடுக்கும்போது பாட்டில நல்லா குலுக்கித்தான் எடுக்கணும். வெள்ளைக்கு பல காலமா டைட்டானியம் டையாக்சைடுதான் போட்டாங்க, அதை ஐரோப்பிய யூனியன்ல 2022ல சாப்பாட்டுல தடை பண்ணிட்டாங்க. நான் இப்பல்லாம் பாதி நல்ல வெள்ளை சாக்லேட், பாதி கொக்கோ பட்டர் சேத்து உருக்கி அதையே வெள்ளையா வெச்சுக்கறேன், பால் நெறத்துலதான் வரும், பளிச்னு வராது, ஆனா எனக்கு மனசு நிம்மதி. இயற்கை கலர்தான் வேணும்னா மொளகாய்ல இருந்து எடுக்கற பாப்ரிக்கா எண்ணெய்ச் சாறு, மஞ்சள்ல இருந்து எடுக்கற சாறு, அனாட்டோ விதை, இதெல்லாம் கொழுப்போட நல்லா ஒத்துப் போகும். மஞ்சளை மட்டும் வெளிச்சத்துல வைக்காதீங்க, வெளுத்துடும். இன்னொண்ணு, செவப்பு வாங்கும்போது டப்பாவுல ஈ 120ன்னு போட்டிருக்கான்னு பாருங்க, அது ஒரு பூச்சியில இருந்து எடுக்கற சாயம். சைவம் சாப்பிடறவங்க வீட்டு விசேஷத்துக்கு செய்யறோம்னா இது சின்ன விஷயம் இல்ல, ஹலால் பாக்கற ஆர்டரா இருந்தா அவங்களும் கட்டாயம் கேப்பாங்க.

தங்கப் பொடி, வெள்ளிப் பொடி பத்தி தனியா சொல்லியே ஆகணும். மினுமினுன்னு அழகா இருக்கு, சின்ன டப்பா, சில ரிங்கிட்டுக்கே கெடைக்குது. ஆனா டப்பாவுல 'நச்சு இல்ல'ன்னு போட்டிருக்கறது வேற, 'சாப்பிடலாம்'னு போட்டிருக்கறது வேற. ரெண்டும் ஒண்ணுன்னு நெனைச்சு நெறைய பேரு வாங்கிடறாங்க. 'அலங்காரத்துக்கு மட்டும்'னு போட்டிருந்தா அது வாய்க்குள்ள போகவே கூடாது, உள்ள செம்பு மாதிரி உலோகத் தூள் இருக்கலாம். அமெரிக்காவுல ரோட் ஐலண்ட்ல 2018ல பிறந்தநாள் கேக் மேல இந்த மாதிரி தங்கப் பொடி தடவி, அதைச் சாப்பிட்ட பிள்ளைங்களுக்கு வாந்தி வந்து, பரிசோதிச்சா அந்தக் கிரீம்ல அவ்வளவு செம்பு. நம்ம கையால ஒரு பிள்ளைக்கு அப்படி ஆகக்கூடாது. என்னென்ன சேத்திருக்காங்கன்னு பட்டியல் டப்பாவுல இல்லையா, எவ்வளவு அழகா இருந்தாலும் வெச்சுட்டு வந்துடுங்க.

இனி கலக்கற வேலை. நூறு கிராம் கொக்கோ பட்டருக்கு அஞ்சுல இருந்து எட்டு கிராம் கலர் பவுடர்னு ஆரம்பிங்க, அடர்த்தியா வேணும்னா பத்து வரைக்கும் போலாம். கரண்டிக் கணக்கு வேணாம், தராசுல நிறுத்துப் போடுங்க, அப்பதான் அடுத்த தடவையும் அதே மயில் நீலம் வரும். கொக்கோ பட்டரை 45ல இருந்து 50 டிகிரி வரைக்கும் உருக்குங்க, மைக்ரோவேவ்ல வெச்சா அர அர நிமிஷமா வெச்சு வெச்சு எடுங்க. அடுப்புல சுடுதண்ணி மேல வெச்சும் உருக்கலாம், ஆனா ஆவி உள்ள போகாம பாத்துக்கணும், தண்ணிதான் இங்க எதிரி. பவுடரை அப்படியே மொத்தமா கொட்டாதீங்க, கட்டி தட்டிடும். சந்தனம் இழைக்கற மாதிரி நெனைச்சுக்குங்க, பவுடர்ல ரெண்டு ஸ்பூன் உருக்கின பட்டர் மட்டும் விட்டு, தட்டையான கரண்டியால நல்லா தேச்சு தேச்சு பசையாக்கிட்டு, அப்புறம் மிச்ச பட்டரைச் சேத்து கைப்பிளெண்டரால ஒண்ணு ரெண்டு நிமிஷம் அடிங்க. பிளேடு முழுக்க மூழ்கி இருக்கணும், இல்லன்னா காத்து புகுந்து குமிழி குமிழியா ஆகி சாக்லேட்டுல ஊசி குத்துன மாதிரி ஓட்டை தெரியும். கடைசில ரொம்ப மெல்லிசான சல்லடையில இல்ல மஸ்லின் துணியில வடிகட்டுங்க. இந்த வடிகட்டறத தயவு செஞ்சு விட்றாதீங்க, ஒரே ஒரு கட்டி போதும், ஏர்பிரஷ், அதாவது காத்தழுத்தத்துல கலரைத் தெளிக்கற கருவி, வெச்சிருக்கறவங்களுக்கு அது அடைச்சுக்கும், அன்னிக்கு வேலை அவ்வளவுதான்.

கிண்ணத்துல பாக்கற கலரை நம்பாதீங்க. சூடா இருக்கும்போது கண்ணாடி மாதிரி ஆழமா தெரியும், உறைஞ்சா வெளிறிப் போயிடும். அதுமட்டும் இல்ல, கொக்கோ பட்டரே கொஞ்சம் மஞ்சள், அதனால நீலம் போட்டா பச்சை பக்கம் சாயும், ரோஸ் போட்டா ஆரஞ்சு பக்கம் சாயும். கொஞ்சம் வெள்ளை சேத்தா சரியாகும். ஒரு பட்டர் பேப்பர்ல ரெண்டு சொட்டு தடவி உறைய விட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

இப்ப சொல்லப் போறதுதான் முக்கியம், இதுக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன். நெறைய பேரு கலர் கலந்து முடிஞ்சதும் வேலை முடிஞ்சுதுன்னு நெனைச்சு சூடாவே அச்சுல தடவிடறாங்க. அப்புறம் சாக்லேட் வெளிய வருது, கலர் அச்சுலயே ஒட்டிக்கிட்டு நிக்குது, இல்லன்னா மங்கிப் போய் பொடி பூத்த மாதிரி வருது. உடனே கலர் கம்பெனியத் திட்டுவாங்க. கலர் மேல தப்பே இல்ல. நீங்க தடவினது கலர் போட்ட கொக்கோ பட்டர், அதையும் சாக்லேட் மாதிரியே டெம்பர் பண்ணணும்.

டெம்பர்னா என்ன? நெய் உறையறதப் பாத்திருப்பீங்க. சில சமயம் மணல் மணலா உறையும், சில சமயம் வழுவழுன்னு உறையும், ஒரே நெய்தான், ஆறுன விதம்தான் வேற. கொக்கோ பட்டர் அதைவிட பிடிவாதம் புடிச்சது, ஆறு விதமா உறையும். 1966ல வில்லி, லட்டன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க அந்த ஆறுக்கும் ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் நம்பர் போட்டு வெச்சாங்க. ஒண்ணாவது வகை 17 டிகிரி பக்கமே உருகிடும், நாலாவது 27 பக்கம், அஞ்சாவது 34 பக்கம். நமக்கு வேண்டியது அந்த அஞ்சாவது மட்டும்தான். அதுலதான் பளபளப்பு, அதுலதான் உடைச்சா டக்குன்னு சத்தம், அதுலதான் உறையும்போது கொஞ்சம் சுருங்கி அச்சுல இருந்து தானா விட்டுக்கிட்டு வர்ற குணம். கோலாலம்பூர்ல மதியம் 32, 33 டிகிரி சாதாரணமா போகும், நாலாவது வகையா உறைஞ்ச கலர் ஹால்ல மேசை மேல வெச்சாலே எளகிப் போயிடும், விரல்ல ஒட்டிக்கும். அஞ்சாவது வகைன்னா தாக்குப் பிடிக்கும்.

எப்படிச் செய்யறது? கலர் பட்டரை 45 டிகிரிக்கு உருக்கி எல்லாப் பழைய உறைவையும் அழிச்சுடுங்க. அப்புறம் கிண்ணத்த மேசை மேல வெச்சு விடாம கிளறிக்கிட்டே ஆற விடுங்க, 27, 28 டிகிரிக்கு வரும்போது கொஞ்சம் கொழகொழன்னு ஆகும், கரண்டியில வித்தியாசம் தெரியும். அப்ப லேசா சூடு காட்டி 30, 31க்கு ஏத்துனா தேவையில்லாத நாலாவது வகை உருகிடும், அஞ்சாவது மட்டும் நிக்கும். இது ஒரு வழி. வீட்டுல கொஞ்சமா செய்யறவங்களுக்கு இன்னொரு சுலபமான வழி, முன்னாடியே நல்லா டெம்பர் ஆகி உறைஞ்ச கலர் பட்டர் பாட்டில் இருந்தா, அதை மைக்ரோவேவ்ல பத்துப் பத்து செகண்டா வெச்சு குலுக்கிக் குலுக்கி, முக்காவாசி உருகி நடுவுல ஒரு சின்னக் கட்டி மிச்சம் இருக்கும்போதே நிறுத்திடுங்க, அந்தக் கட்டியே தயிருக்கு உறை மோர் மாதிரி மத்ததையும் சரியான வழியில உறைய வைக்கும். உறை மோர் கெட்டுப் போனா தயிர் எப்படி வரும், அதே மாதிரி கட்டியும் டெம்பர் ஆனதா இருக்கணும், அதையும் 32க்கு மேல சூடாக்கி கரைச்சுட்டீங்கன்னா மறுபடி மொதல்ல இருந்துதான். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிடுங்க, இந்த வேலையில விரலை வெச்சு சூடு பாக்கறது ஆகாது. சரியா வந்துச்சான்னு தெரிஞ்சுக்க கத்தி நுனியில தொட்டு ஏர்கோன் ரூம்ல வைங்க, சில நிமிஷத்துல சீரா உறைஞ்சு கையில ஒட்டாம வந்தா சரி, பத்து நிமிஷம் ஆகியும் ஈரமாவே இருந்தா டெம்பர் ஆகல.

அச்சுல தடவற வேலையில நம்ம ஆளுங்க குழம்பற ஒரே எடம் வரிசை. தஞ்சாவூர் கண்ணாடி ஓவியம் பாத்திருக்கீங்களா, கண்ணாடிக்குப் பின்பக்கமா வரைவாங்க, கண்ணு, மூக்கு, நகைன்னு நுணுக்கமானத மொதல்ல வரைஞ்சுட்டு பின்னணிக் கலரை கடைசில பூசுவாங்க. இதுவும் அப்படியேதான். அச்சுல நீங்க மொதல்ல வைக்கறதுதான் சாக்லேட்டுல மேல தெரியும். தோழி தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு மயில் இறகு மாதிரி செஞ்சேன், மொதல்ல நடுக் கண்ணுக்கு கருநீலப் புள்ளி, அது உறைஞ்சதும் சுத்தி தாமிர நெறம், அது உறைஞ்சதும் பச்சை, கடைசில எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு மெல்லிசு வெள்ளை. அந்த வெள்ளை இல்லன்னா கருப்பு சாக்லேட் ஊத்துனதும் பச்சை எங்க போச்சுன்னே தெரியாது, மஞ்சள்னா சுத்தமா காணாமப் போயிடும். மொத தட்டுல அந்த வெள்ளைய விட்டுட்டேன், இருபத்தினாலு சாக்லேட்டும் சேத்துல விழுந்த இறகு மாதிரி வந்துச்சு, ராத்திரி பதினொரு மணிக்கு மறுபடி உருக்கி ஆரம்பிச்சேன்.

ஏர்பிரஷ் இல்லன்னு தயங்காதீங்க. கையுறை போட்டு விரலால தடவினாலே மேகம் மாதிரி அழகா வரும், புது டூத்பிரஷ்ஷ நனைச்சு விரலால தட்டினா நட்சத்திரம் தெளிச்ச மாதிரி வரும், மெல்லிசு தூரிகையால கோடு இழுக்கலாம். பூச்சு மெல்லிசா இருக்கணும், அது மட்டும் முக்கியம், தடியா பூசினா தோல் உரியற மாதிரி உரியும். அச்சு கெட்டியான பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கா இருந்தா பளபளப்பு நல்லா வரும், ஏன்னா அச்சோட மேற்பரப்பு எப்படியோ அதே மாதிரிதான் சாக்லேட்டும் வரும், அச்சுல ஒரு விரல் ரேகை இருந்தா அந்த ரேகையும் சாக்லேட்டுல வரும். அதனால பூசறதுக்கு முன்னாடி பஞ்சால வட்ட வட்டமா தொடைச்சுடுங்க. கலர் உறைஞ்சதும் ஊத்தற சாக்லேட்டும் டெம்பர் ஆனதா, கருப்புன்னா 31, 32 டிகிரியில இருக்கணும். 34, 35ல ஊத்துனா நீங்க கஷ்டப்பட்டு வரைஞ்ச மயில் அப்படியே உருகி சாக்லேட்டோட கலந்துடும். அப்புறம் காம்பவுண்ட் சாக்லேட், அதாவது கொக்கோ பட்டருக்குப் பதிலா செம்பனைக் கொட்டை எண்ணெய் மாதிரி வேற கொழுப்பு போட்டது, அதோட இந்தக் கலர் நல்லா ஒத்துப் போகாது, ரெண்டு கொழுப்பும் சேர்ற எடம் எளகிப் போகும், கொஞ்ச நாள்ல வெள்ளையா பூக்கும். அதே காரணத்துக்காக, தேங்காய் எண்ணெய் வீட்டுல இருக்கேன்னு அதுல கலர் கலந்து பூசாதீங்க, அது 24, 25 டிகிரியிலயே உருகிடும்.

கடைசியா நம்ம ஊர் காத்து. இங்க காத்துல அவ்வளவு ஈரம் இருக்கு, ஏர்கோன் ரூம்ல 20, 22 டிகிரி வெச்சு வேலை பாத்தா பரவாயில்ல, ஏர்கோன் காத்த கொஞ்சம் காய வெச்சுடும். ஆனா ஃப்ரிட்ஜுல இருந்து அச்ச எடுத்து நேரா ஹாலுக்குக் கொண்டு வந்தீங்கன்னா, ஐஸ் தண்ணி கிளாஸ் வெளிய வேர்க்கற மாதிரி சாக்லேட் வேர்த்துடும், அந்தத் தண்ணி காஞ்சதும் பளபளப்பு போய் புள்ளி புள்ளியா நிக்கும். நான் ஃப்ரிட்ஜுல பத்துப் பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல வைக்கறதில்ல, எடுத்ததும் அதே ஏர்கோன் ரூம்லயே அர மணி நேரம் விட்டுட்டுத்தான் அச்சைக் கவுக்கறேன். மழை கொட்டற சாயங்காலம் ஜன்னலத் தொறந்து வெச்சுக்கிட்டு இந்த வேலையத் தொடவே மாட்டேன்.

மிச்சக் கலரை ஈரமில்லாத பாட்டில்ல ஊத்தி, மேல கலர் பேரும் எத்தன கிராம் போட்டோம்னும் எழுதி ஒட்டி, வெயில் படாத எடத்துல வெச்சா பல மாசம் இருக்கும். அச்ச கழுவும்போது வெதுவெதுப்பான தண்ணியும் கொஞ்சம் சோப்பும் போதும், நார் போட்டுத் தேய்க்காதீங்க, ஒரு கீறல் விழுந்தா அது எல்லாச் சாக்லேட்டுலயும் தெரியும். மேல் மாடிப் பொண்ணு அந்த நீலக் கிண்ணத்த வடிகட்டி பட்டரைக் காப்பாத்திடுச்சு, அடியில இருந்த முத்தையெல்லாம் துணியில நிறுத்திட்டோம். நேத்து எண்ணெய்க் கலர் ஒரு டப்பா வாங்கிட்டு வந்து காட்டுச்சு, சனிக்கிழமை எங்க வீட்டு ஏர்கோன் ரூம்ல மொத தட்டு போடறோம்.